திட்டம் முடிவான பிறகு கூட்டம் எதற்கு?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமரி மாவட்டத்தில் ஒரு திட்டம் வரப்போகிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு எப்போது தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். வயலில் சர்வே கல் நட்ட பிறகு தெரிகிறது, இல்லையென்றால் ஜேசிபி வந்து நின்ற பிறகு தெரிகிறது. உடனே திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு, அதற்கும் ஒன்றும் அசையவில்லை என்றால் மறியல், கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு. இந்த வரிசை நமக்குப் பழகிவிட்டது. எதிர்த்துப் பேசுகிறவரை வளர்ச்சிக்கு விரோதி என்பதும், அதிகாரியை மக்களுக்கு விரோதி என்பதும் கூடவே பழகிவிட்டது. நான் கேட்பது சின்ன விஷயம். காகிதத்தில் முதல் கோடு போடும்போதே அந்த ஊரைச் சேர்ந்த சிலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன கெட்டுவிடும்?

நான் தக்கலைப் பக்கம் வீட்டுக்கு பிளான் வரைந்து, அப்ரூவலுக்கு ஃபைல் போட்டுக் கொடுக்கிற ஆள். அதனால் இந்தக் காகிதங்களை ரொம்ப நாளாகப் பார்த்து வருகிறேன். புலப்படத்தில் அளவு இருக்கும், எல்லை இருக்கும், ஓடைப் புறம்போக்கு இருந்தால் அதுவும் இருக்கும். ஆனால் ஐப்பசி மழையில் அந்த ஓடை கரை தாண்டி எந்த வீட்டு முற்றம் வரைக்கும் ஏறும் என்பது எந்தப் படத்திலும் கிடையாது. சானல் மடையைத் திறந்தால் எந்த ஏலாவுக்கு, அதாவது எந்த வயல் தொகுதிக்கு, முதலில் தண்ணீர் போகும், எந்த வயல் மூடிப்போனால் அதற்குக் கீழே இருக்கிற வாழைத்தோப்பில் தண்ணீர் கட்டும், எந்தக் குளத்தின் மறுகால் இப்போது யாருடைய காம்பவுண்டு சுவருக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, இதெல்லாம் அந்தச் சானல் கரையில் நடந்தே வயசான ஒருவருக்குத் தெரியும். சென்னையில் இருந்தோ நாகர்கோவிலில் இருந்தோ வந்து ஒரு மதியம் சைட் பார்த்துவிட்டுப் போகிற அதிகாரிக்குத் தெரியாது, அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், தமிழ்நாட்டுச் சராசரி 555 தான். இவ்வளவு நெருக்கமான இடத்தில் ஒரு கல்வெர்ட்டை நாலு அடி தள்ளி வைத்தாலே யாராவது ஒருவர் வீட்டுக்குள் தண்ணீர் போகும். 2021 நவம்பர் மழையில் அதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

மனைப்பிரிவு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் வந்த கட்டிட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 74 சென்டுக்கு மேல் இருந்தால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும், 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதிலாக மதிப்பைப் பணமாகவும் கட்டலாம். நல்ல விதி. ஆனால் நம் மாவட்டத்தில் நிலமே சின்னச் சின்னத் துண்டுகள்தான், நான் பார்க்கும் மனைப்பிரிவுகள் பலவும் அந்த அளவைத் தொடுவதே இல்லை. ஒன்றை ஒட்டி ஒன்றாக ஐந்தாறு சின்ன மனைப்பிரிவுகள் வரும், ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் விதிப்படி சரி, எல்லாம் சேர்ந்தால் ஒரு முழு ஏலா காணாமல் போயிருக்கும். ஒரு பூங்கா இல்லை, குழந்தைகள் விளையாட இடம் இல்லை, ஆம்புலன்ஸ் திரும்ப வழி இல்லை. இதில் யார் தப்பு என்று கேட்டால் யார் தப்பும் இல்லை. மொத்தமாகப் பார்க்கிற வேலை யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அந்த வேலைக்கென்றே ஊர் அளவில் ஓர் அமைப்பு நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது, பிளானிங் கமிஷன் என்பார்கள். டெல்லியில் இருந்து 2015-ல் நிதி ஆயோக்குக்கு வழிவிட்ட நம் திட்டக் கமிஷனை நினைத்துக்கொள்ள வேண்டாம், இது நகராட்சி அளவிலான சமாச்சாரம். கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டு நகரம் 1907-ல் முதன்முதலாக நிரந்தரமாக ஒன்றை அமைத்தது. அப்புறம் 1928-ல் அந்நாட்டு வர்த்தகத் துறை ஒரு மாதிரிச் சட்டம் வெளியிட்டது, அதைப் பார்த்துப் பல மாநிலங்கள் தங்கள் சட்டத்தை எழுதிக்கொண்டன. மாதிரிச் சட்டத்தில் சொன்ன அமைப்பு இப்படி: மொத்தம் 9 பேர், அதில் மேயர், ஓர் அதிகாரி, ஒரு கவுன்சிலர் போக மீதி 6 பேரும் சாதாரணக் குடிமக்கள். சம்பளம் கிடையாது. 6 வருஷப் பதவி, ஆனால் ஆறு பேரும் ஒரே நாளில் இறங்க மாட்டார்கள், வருஷத்துக்கு ஒருவர் இறங்கி ஒருவர் ஏறுவார். அதனால் மேயர் மாறினாலும் ஊருக்கான யோசனை ஒரேயடியாக மாறிவிடாது. நமக்கு இது எவ்வளவு தேவை என்று ஒரு தெருவை மூன்று தடவை தோண்டியதைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

இந்தக் கமிஷனுக்கு ஊரை ஆளும் அதிகாரம் இல்லை. ஊர் அடுத்த இருபது வருஷத்தில் எந்தப் பக்கம் வளர வேண்டும், கடைத்தெரு எங்கே, வீடுகள் எங்கே, தொழிற்கூடம் எங்கே, தண்ணீருக்கு எந்த இடத்தை விட வேண்டும் என்று ஒரு பெருந்திட்டம் தயாரிப்பது அதன் முதல் வேலை. புதிய மனைப்பிரிவோ பெரிய கட்டிடமோ வந்தால் அந்தப் பெருந்திட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தகவல் கொடுத்து, பொதுக் கூட்டம் வைத்து எல்லோர் பேச்சையும் கேட்டு, நகர மன்றத்துக்குப் பரிந்துரை அனுப்பும். பெரும்பாலும் முடிவு மன்றத்தின் கையில்தான், மனைப்பிரிவுக்கு மட்டும் பல இடங்களில் கமிஷனே ஒப்புதல் தருவதும் உண்டு. ஆனால் அந்த மாதிரிச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு கொக்கி உண்டு. கமிஷன் வேண்டாம் என்று சொன்ன ஒரு சாலையையோ பூங்காவையோ பொதுக் கட்டிடத்தையோ மன்றம் கட்டியே தீருவேன் என்றால், மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் பதிவாகும் வாக்கு மூலம் அதை மீற வேண்டும். யார் எப்படி வாக்களித்தார் என்பது ஏட்டில் நிற்கும். நம் ஊரில் "ஒருமனதாக நிறைவேறியது" என்ற ஒரே வரியில் எத்தனை விஷயம் கரைந்துபோகிறது என்று கவுன்சில் கூட்டத்துக்குச் செய்தி எடுக்கப் போகிற உங்கள் நிருபர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் அங்கே சொர்க்கமாக நடக்கிறது என்று நான் எழுத வரவில்லை. அந்தக் கமிஷன்களில் ரியல் எஸ்டேட் ஆட்களும் வசதியானவர்களும் வந்து உட்கார்ந்துகொண்டது உண்டு. இந்த ஏரியாவில் ஒரு வீட்டுக்கு இவ்வளவு பெரிய மனை வேண்டும் என்று விதி போட்டு, ஏழைகளும் கறுப்பின மக்களும் உள்ளே வரவே முடியாதபடி செய்ததும் உண்டு. இன்றைக்கும் அங்கே வாடகை வீடு கிடைக்காமல் திண்டாடுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். குடிமக்கள் குழு என்று பெயர் வைத்துவிட்டால் தானாக நியாயம் வந்துவிடாது, யார் உட்காருகிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

சரி, அமெரிக்கா தூரம். களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அங்கே என்ன நடந்தது என்று பார்ப்போம். 1996-ல் கேரளம் மக்கள் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. கிராம சபையில் தேவைகளைக் கேட்டு, வளர்ச்சிக் கருத்தரங்கில் அதை விவாதித்து, துறைவாரியாகச் செயற்குழுக்கள் உட்கார்ந்து திட்டமாக எழுதின. ஊர்க்காரர்கள் எழுதியதில் எஸ்டிமேட் சரியா, தொழில்நுட்பம் சரியா என்று பார்க்க ஓய்வு பெற்ற இன்ஜினியர்கள், பேராசிரியர்கள், டாக்டர்களைத் தன்னார்வமாகத் திரட்டினார்கள். இந்தக் கடைசி விஷயத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் மாவட்டம்தான் ஞாபகம் வரும். 2011-ல் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது குமரி. ரிட்டயர்டு வாத்தியார், ரிட்டயர்டு ஓவர்சியர், வளைகுடாவில் பெரிய பெரிய கட்டுமானங்களை மேற்பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்று தெருவுக்கு ஒருவர் சாயங்காலம் டீக்கடையில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய அறிவை உள்ளாட்சி ஒரு தடவையாவது கேட்டு வாங்கியிருக்கிறதா?

இன்னொன்றும் அங்கே உண்டு. 2008-ல் கேரளம் நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு கண்காணிப்புக் குழுவை வைத்தது. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர் இவர்களோடு விவசாயிகளின் பிரதிநிதிகள் 3 பேர். எது வயல், எது ஏற்கெனவே நிரப்பின நிலம் என்று ஊர் ஊராகப் பட்டியல் போடும் வேலையில் அந்தக் குழுவுக்குப் பங்கு இருந்தது. அந்தச் சட்டத்தையும் பிற்பாடு பல வழிகளில் தளர்த்தினார்கள், சண்டைகள் நிறைய. ஆனாலும் வயலை மூட வேண்டுமென்றால் அந்த ஊர் விவசாயி மூன்று பேர் முன்னால் வந்துதான் ஆக வேண்டும் என்ற நிலை அங்கே வந்தது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

நம் சட்டத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்ததில் இருந்து ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மாவட்டத் திட்டக் குழு இருந்தாக வேண்டும். ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடுகிற திட்டங்களைச் சேர்த்து முழு மாவட்டத்துக்கும் ஒரு வரைவு வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அதன் கடமை. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல், மாவட்ட ஊராட்சியிலும் நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் ஜெயித்தவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்களாக இருக்க வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். 2016-ல் இருந்து 2019 கடைசி வரை ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் யாரும் இல்லை, தனி அலுவலர்கள்தான். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது, அதற்கப்புறம் மறுபடியும் தனி அலுவலர்கள். மாவட்ட ஊராட்சியே இல்லாத நேரத்தில் திட்டக் குழுவின் கிராமப்புறப் பங்கு எங்கிருந்து வரும்? இந்தக் குழு என்ன திட்டம் போட்டது என்று உங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதை நான் கேட்கவே போவதில்லை.

கிராம சபை இருக்கிறதே என்பார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு 6. நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என்பது தமிழ்நாட்டுக்கு, நமக்கோ அது 1956-ல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாளும் கூட, ஊரே விடுமுறையில் இருக்கும். ஆனால் குமரியில் பெரும்பாலானவர்களுக்குக் கிராம சபையே கிடையாது என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள்? 2011 கணக்குப்படி இந்த மாவட்டத்தில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள். நகர்ப்புறம் என்றதும் நாகர்கோவிலின் வடசேரியையும் மீனாட்சிபுரத்தையும் நினைக்கிறோம், உண்மையில் பாதிக்கு மேல் பேரூராட்சிகள், தென்னந்தோப்பும் ரப்பரும் வாழையும் குளமும் நிறைந்த இடங்கள். பெயரில் டவுன், வாழ்க்கையில் கிராமம், ஆனால் கிராம சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்கிற உரிமை மட்டும் இல்லை. நகர்ப்புறத்துக்காக வார்டு குழு, பகுதி சபை என்று 2022-ல் விதிகள் வந்தன, அந்த வருஷம் நவம்பர் 1-ல் பகுதி சபைகளும் நடந்தன. நல்ல ஆரம்பம். ஆனால் அங்கே பேச்சு தெருவிளக்கு, குடிதண்ணீர், குப்பை என்றுதான் போகிறது. அது தப்பில்லை, விளக்கு எரியாதவனுக்கு விளக்குதான் முதல் பிரச்சினை. அதற்கு மேலே, ஐந்து வருஷம் பத்து வருஷம் தள்ளி யோசிப்பதற்கு வேறோர் இருக்கை வேண்டும்.

என் யோசனை இதுதான். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எதுவானாலும் மன்றம் ஒரு தீர்மானம் போட்டு, 9 அல்லது 11 பேர் கொண்ட திட்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஆலோசனை கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பாசனத்தார் சபையில் இருந்து ஒருவர் வரட்டும். அவர்கள் 2000-ஆம் வருஷச் சட்டப்படி தேர்தல் நடத்தி அமைந்தவர்கள், கோதையாற்றுத் தண்ணீரைப் பங்கு பிரிக்கிற சிக்கல் தெரிந்தவர்கள். கடற்கரை உள்ள ஊரென்றால் கட்டாயம் மீனவர் இருவர், அதில் ஒருவர் மீன் விற்கப் போகும் பெண்ணாக இருக்கட்டும், எந்தச் சாலையில் பஸ் நிற்காது என்பது அவருக்குத்தான் தெரியும். மாற்றுத்திறனாளி ஒருவர். ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர், போதும், நாலு இன்ஜினியர் சேர்ந்தால் கூட்டம் முடியாது. மீதிப் பேரை வாக்காளர் பட்டியலில் இருந்து குலுக்கல் போட்டு எடுக்கலாம் என்பது என் ஆசை. சிரிப்பீர்கள். ஆனால் நம் மாவட்டத்தில் எந்தக் கமிட்டி போட்டாலும் முதல் நாளே இதில் எங்கள் ஆள் எத்தனை, அவர்கள் ஆள் எத்தனை என்று சாதியும் மதமும் எண்ணத் தொடங்கிவிடுவோம். கோயில் கமிட்டி, பங்குப்பேரவை, ஜமாத் எல்லாம் அதனதன் இடத்தில் நன்றாகவே நடக்கின்றன, நிர்வாகம் பண்ணத் தெரியாத ஜனங்கள் இல்லை நாம். ஆனால் ஊருக்குப் பொதுவான குழுவில் அந்தத் தலைவர்களே வந்து பங்கு போட்டுக்கொண்டால் வழக்கமாகப் பேசாதவன் இங்கேயும் பேச மாட்டான். குலுக்கலில் வந்தவனிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது.

ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தனக்கோ சொந்தக்காரருக்கோ நிலம் இருக்கிற விஷயம் வந்தால், அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும், பேச்சிலும் இருக்கக் கூடாது. நிலம் விற்று வாங்குகிறவர்களும் என்னைப் போல பிளான் போடுகிறவர்களும் குழுவில் இருக்கவே வேண்டாம் என்பேன், தேவைப்பட்டால் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். குழு ஒரு விஷயத்தில் வேண்டாம் என்றால், அதை மீறும் மன்றம் காரணத்தை எழுதி, யார் யார் கை தூக்கினார்கள் என்பதோடு நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.

இன்னொரு கமிட்டியா, இருக்கிற கமிட்டியே கூடுவதில்லையே என்று சொல்வார்கள். நியாயமான பேச்சுதான். கூடாததற்கு முக்கியக் காரணம், கூடினாலும் கூடாவிட்டாலும் ஒன்றும் மாறாது என்பது. இந்தக் குழுவிடம் கேட்காமல் ஒரு மனைப்பிரிவும் மன்றத்தின் மேஜைக்கு வராது என்று வைத்துப் பாருங்கள், நாற்காலி போதாது. தாமதமாகும் என்றும் சொல்வார்கள். ஒரு மாதம் தாமதமாகலாம். வழக்கில் போகிற வருஷங்களை எந்தக் கணக்கில் எழுதுகிறோம்?

பெரிய திட்டங்களை இந்தக் குழுக்கள் நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. இனயம் சரக்குப் பெட்டக முனையத்துக்கு 2016-ல் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தபோது எந்தப் பேரூராட்சியிடம் கேட்டார்கள்? எதிர்ப்பு வந்ததும் இடத்தை கன்னியாகுமரியை ஒட்டிய கோவளம், கீழமணக்குடி பக்கம் மாற்றினார்கள், அங்கேயும் அதே போராட்டம். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்திலும், மக்கள் கருத்து கேட்கும் கட்டம் வரும்போது பரப்பளவும் வரைபடமும் ஏற்கெனவே தயாராக இருந்தன. நான்கு வழிச் சாலை எத்தனை குளங்களையும் வயல்களையும் வெட்டிக்கொண்டு போகிறது என்று நாம் தினமும் பைக்கில் போகும்போதே பார்க்கிறோம். இந்த இடத்தில் ஓர் ஊரின் கையில் ஏற்கெனவே எழுதி, கூட்டத்தில் வைத்து, மன்றம் ஏற்றுக்கொண்ட திட்டம் ஒன்று இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். இந்தக் குளம் எங்கள் குடிதண்ணீர் ஆதாரம், இது மீன் உலர்த்தும் இடம், இது வெள்ளம் வடிகிற வழி என்று மூன்று வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்ததை, திட்டம் வந்த பிறகு கிளப்பிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. நீதிமன்றத்திலும் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகளுக்கு 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச நீர்நிலை அங்கீகாரம் கிடைத்தது, பெருமைதான், ஆனால் அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற சின்னக் கால்வாய்களின் கரையில் என்ன கட்டலாம், என்ன கட்டக் கூடாது என்பதை ராம்சார் வந்து பார்க்காது. அது உள்ளூர் வேலை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பெருந்திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம், நில உபயோக மாற்றம் இவற்றுக்கான அறிவிப்புகள் பத்திரிகைகளில் வரத்தான் செய்கின்றன, ஆட்சேபணை சொல்லக் காலக்கெடுவும் அதிலேயே இருக்கும். ஆனால் பொடி எழுத்தில், சர்வே நம்பர் மட்டும் போட்டு, டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவில் வரும். சர்வே நம்பரை வைத்து அது தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயல் என்று கண்டுபிடிக்க என்னைப் போன்ற தொழில்காரனுக்கே நேரம் பிடிக்கும். வாரம் ஒரு நாள், கால் பக்கம் போதும், எந்தப் பேரூராட்சியில் எந்த இடத்தில் என்ன மாற்றம் கேட்கிறார்கள், எந்தத் தேதிக்குள் யாருக்கு எழுத வேண்டும் என்று ஊர்ப் பெயரோடு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளியோ குளமோ சொல்லி வெளியிடுங்கள். சர்வே நம்பரை இடமாக மாற்றிச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், காசில்லாமல் நான் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
கட்டிட வரைபடத் தொழிலாளி ஒருவர்,
தக்கலை